நோலீன் புகையை மாற்றிய குளிர்காலம்

நோலீன் மெக்கலம் பதினாறு வயதில் சிகரெட் சுருட்டக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில் அதை விடுவதென்று முடிவெடுத்தாள். அதற்குக் காரணம் அவளுடைய நுரையீரல் இல்லை. அவள் கணவன் மெர்வுடைய மூக்கு.

மெர்வ் இருபத்தெட்டு வருடம் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் பிளஃப் துறைமுகத்திலிருந்து ஜலசந்திக்குப் போய்ச் சிப்பி வாரிக்கொண்டு வந்தவன். படகிலிருந்து அவனை இறக்கியது கடல் அல்ல, மூச்சு. முதலில் ஏணி ஏற முடியாமல் போனது. பிறகு தெருமுனை வரை நடக்க முடியாமல் போனது. கடைசியில் முன்னறை நாற்காலியும் அதன் பக்கத்தில் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் இயந்திரமும் என்றாகிவிட்டது. இயந்திரம் வந்த அன்றே நர்ஸ் பிலிப்பா வாசற்கதவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். உள்ளே நெருப்பு கூடாது, தீக்குச்சி கூடாது, சிகரெட் கூடவே கூடாது.

அன்றிலிருந்து நோலீன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சலவை அறைக்குப் போய்த்தான் புகைத்தாள். அந்த ஊரில் தென்காற்று என்பது பனிக்கட்டி மேல் நடந்து வருவது. தகரக் கதவின் இடுக்கு வழியாக அது உள்ளே வந்து கணுக்காலைப் பிடிக்கும். அவள் நின்றபடியே இழுத்து முடித்து, கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்து, மெர்வுக்கு சூப் சுட வைப்பாள். பகலெல்லாம் சிப்பிக் கொட்டகை வேலையில் நின்ற கால்கள் மாலையில் தன்னுடையவை மாதிரியே இருக்காது. ஆனாலும் அவள் ஒரு மாலைக்கு ஆறு முறை வெளியே போய் வந்தாள்.

மே மாதத்தில் ஒருநாள் அவள் அப்படி உள்ளே வந்தபோது மெர்வ் கூப்பிட்டான்.

"கொஞ்சம் கிட்ட வா, நோல்."

அவள் போனாள். அவன் அவள் சட்டைக் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு மூச்சை உள்ளே இழுத்தான். அவன் பல வருடங்களாக அவளைத் தொட்டதே குறைவு. அவள் குனிந்து கொடுத்தாள். பிறகுதான் அவன் எதை முகர்கிறான் என்று புரிந்தது.

"நாப்பது வருஷத்துக்கு மேல சிகரெட் குடிச்சவன் நான்," என்றான் மெர்வ். "நீ உள்ள வரும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஊறுது. உன்னைக் கொற சொல்லல. தப்பா எடுத்துக்காத."

"நான் என்ன பண்ணணும்ங்கற?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா சொன்னேன்."

அவன் சும்மா எதையும் சொல்கிறவன் இல்லை. மறுநாளிலிருந்து அவள் கோட்டைச் சலவை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாள். தலைமுடியில் வாசனை இருந்தது. தலையில் துண்டு கட்டினாள். விரல்களில் இருந்தது. எலுமிச்சை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஆனாலும் அவள் பக்கத்தில் வந்தால் மெர்வ் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

கொட்டகையில் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்று சிப்பி பிளப்பவள் லோசா. சமோவாவிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவள், நல்ல உயரம், வாய் ஓயாது. நோலீன் சிகரெட்டை விடப்போவதாகச் சொன்னபோது அவள் கத்தியைக் கூட நிறுத்தவில்லை.

"நீங்களா? அக்கா, நீங்க செத்தா பெட்டிக்குள்ள இருந்து பொகை வரும்னு நாங்க பேசி வெச்சிருக்கோம்."

"வேப் வாங்கப் போறேன்டி."

"வாங்குங்க. எத்தனை நாளைக்குன்னு நாங்க பந்தயம் கட்டிக்கறோம்."

முதலில் பெட்ரோல் பங்கில் கிடைத்ததை வாங்கினாள். பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்; நெருப்பில்லாமல் உள்ளே இருக்கும் திரவத்தை ஆவியாக்கித் தரும், தீர்ந்தால் தூக்கிப் போடுவது. அங்கே மூன்றே சுவைதான் விற்கலாம் என்பது சட்டம். அவள் புதினா எடுத்தாள். காலை பத்து மணி இடைவேளையில், கொட்டகைக்குப் பின்னால் சிப்பி ஓட்டுக் குவியலின் பக்கத்தில் நின்று இழுத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் லோசா.

"பல் டாக்டர் வீட்டுல விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு."

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஐந்தாம் நாள் சலவை அறையில் போய் ஒன்று சுருட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டு, மெர்வின் அருகில் போகாமல் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் லோசா தன் கணவனின் பழைய வேப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது ஒரு பாதிச் செங்கல் அளவு இருந்தது. சின்னத் திரை, அதில் எண்கள், மேலே கண்ணாடித் தொட்டி. உள்ளே கறுப்புத் திராட்சை மாதிரி ஏதோ ஒரு பழச் சுவை. நோலீன் இழுத்தாள். இருமினாள். மறுபடி மெதுவாக இழுத்தாள். அப்போது அவள் முகம் மாறியதை லோசா பார்த்தாள்.

"என்னக்கா?"

"ருசி தெரியுதுடி," என்றாள் நோலீன். "நெசமாவே பழம் மாதிரி. நான் எதையும் இப்படி ருசிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு."

ஆனால் அந்தச் செங்கல்லோடு வேலை செய்ய முடியவில்லை. ரப்பர் ஏப்ரனுக்கு அடியில் கால்சட்டைப் பையில் போட்டால் கால்சட்டை இறங்கியது. குனிந்தால் தொட்டி ஒழுகித் தொடை பிசுபிசுத்தது. ஈரக் கையுறையோடு பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாது. கையுறையைக் கழற்றினால், திரும்ப மாட்டுவதற்குள் பத்து நிமிட இடைவேளை முடிந்துவிடும். வெளியே விட்ட புகையோ, கொட்டகைக் கதவு வழியாக உள்ளே வந்து மேற்பார்வையாளர் கிரேக்கின் மேசை வரை போனது. நீராவிக் குழாய்தான் வெடித்துவிட்டது என்று அவர் எழுந்து ஓடி வந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் எல்லோரும் அவளை ரயில் என்று கூப்பிட்டார்கள்.

நல்ல ருசி தருவது பையில் அடங்கவில்லை. பையில் அடங்கியது ருசிக்கவில்லை. அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை, மெர்வுக்கு மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, நோலீன் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரமான இன்வர்கார்கிலில் வேப் மட்டுமே விற்கும் ஒரு கடைக்குப் போனாள்.

கடைக்காரன் பெயர் டேரில். நாற்பத்தைந்து வயதிருக்கும். அலுமினிய ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்த்து, முதுகு போனபின் இந்தக் கடையை வைத்தவன். கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாகச் சாமான். நோலீன் அவற்றைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

"உக்காருங்கக்கா," என்று ஒரு முக்காலியை நகர்த்தினான் டேரில். "மொதல்ல ஒண்ணும் வாங்க வேணாம். நீங்க சிகரெட் எப்படி இழுப்பீங்கன்னு காட்டுங்க."

"எப்படின்னா?"

"கையில ஒண்ணு இருக்கறதா நெனச்சுக்கங்க."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு விரலை உதட்டில் வைத்து, கன்னம் குழிய இழுத்து, வாயில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு உள்ளே எடுத்தாள்.

"அதான பாத்தேன். நீங்க மொதல்ல வாயில வாங்கி அப்புறம் நெஞ்சுக்கு அனுப்பறவங்க. அந்தப் பெரிய பெட்டி நேரா நெஞ்சுக்கு இழுக்கறவங்களுக்கு. அதுல உங்களுக்கு இருமல்தான் வரும். எங்க நின்னு பிடிப்பீங்க?"

"சிப்பிக் கொட்டகைக்குப் பின்னால. கையெல்லாம் ஈரம். கையுறை வேற."

"குளிரு?"

"பிளஃப்டா தம்பி. கேக்கணுமா?"

டேரில் சிரித்துவிட்டு மூன்று சாமான்களை எடுத்து வைத்தான். ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்தான். மற்ற இரண்டையும் காட்டிப் பேசினான். அவன் சொன்னது இதுதான். ருசி எல்லாம் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளில், அதாவது காயிலில், இருக்கிறது. வலை மாதிரிப் பின்னிய காயில் இருந்தால் திரவம் சீராகச் சூடாகும், சின்னச் சாமானிலும் ருசி வரும். சக்தி கூடக் கூட ருசி கூடும், ஆனால் பேட்டரி பெரிதாகும், திரவம் தண்ணீராய்ச் செலவாகும். கெட்டியான திரவம் குளிரில் இன்னும் கெட்டியாகிக் காயிலுக்குள் இறங்காது, தீய்ந்த வாடைதான் வரும். அதனால் அவளுக்குக் கெட்டியும் நீர்த்ததும் பாதிக்குப் பாதி கலந்த இளகின திரவம். அதிக இனிப்பு வேண்டாம், அது காயிலில் பாகு மாதிரிப் படிந்துவிடும்.

"இதுல பொத்தானே கிடையாது," என்று, தீப்பெட்டியை விட மெல்லிசாக இருந்த ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். "இழுத்தா வேலை செய்யும். கையுறையோட பிடிக்கலாம். சட்டைப் பையில நிமிர்த்தி வைங்க, படுக்க வெச்சா கசியும். வெளிப் பையில வெக்காதீங்க, ஒடம்புச் சூடு படணும். புதுசா காயில் மாத்தி ஊத்தினா பத்து நிமிஷம் விட்டுட்டுத்தான் இழுக்கணும். அவசரப்பட்டா மொத இழுப்புலயே கருகிரும்."

"அந்தப் பெரிசு மாதிரி ருசிக்குமா?"

"அவ்வளவு ருசிக்காது," என்றான் டேரில். "பொய் சொல்ல மாட்டேன். முக்கால்வாசி ருசிக்கும். மீதிக் கால்வாசி, நீங்க அதைத் தூக்கிட்டுத் திரியாம இருக்கறதுக்கு."

ஒவ்வொரு சுவைக்கும் முனையில் புது உறை மாட்டிக் கொடுத்தான். முதலில் புகையிலைச் சுவை. நோலீன் இழுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது பொகையில இல்ல. பழைய சோபாவை ஊற வெச்ச தண்ணி."

"எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க. யாரும் வாங்கறதில்ல."

காப்பி வேண்டாம் என்றாள். கஸ்டர்ட் முதல் இழுப்பில் நன்றாக இருந்தது, மூன்றாவதில் திகட்டியது. கடைசியில் ஃபீஜோவா. கொய்யாவுக்குத் தங்கை மாதிரியான அந்தப் பழம் பிளஃப் குளிரில் ஒழுங்காகக் காய்க்காது. வடக்கே இருக்கும் உறவுக்காரர்கள் யாராவது பெட்டியில் அனுப்பினால்தான் உண்டு. அவள் இரண்டு முறை இழுத்தாள், திருப்பிக் கொடுக்கவில்லை.

"இதுவா?" என்றான் டேரில்.

"இதுவே போதும். வேற எதையும் காட்டாத, எனக்குக் களைப்பா இருக்கு."

அன்று மாலை அவள் சலவை அறைக்குப் போய்விட்டு உள்ளே வந்தபோது மெர்வ் தலையைத் திருப்பவில்லை. மூக்கைச் சுளித்தான்.

"என்ன நாத்தம் இது? சோப்பா?"

"பழம்."

"என்ன பழம்?"

"கண்டுபிடி."

அவன் அவள் கையைப் பிடித்து முகர்ந்தான். பேரிக்காய் என்றான். அன்னாசி என்றான். அவள் சொல்லாமல் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பாதி சூப் சாப்பிட்டபின், "ஃபீஜோவா," என்றான். "உங்கக்கா வீட்டு மரம். நான் நாலு தின்னுட்டு வயித்தால போச்சே, அந்த மரம்." சிரிக்கப் போய் அவனுக்கு இருமல் வந்தது, அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இருமல் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. ஆனாலும் அது ஒரு நல்ல மாலை. அந்தக் குளிர்காலத்தில் அப்படி அதிகம் வரவில்லை.

ஜூன் முழுக்க அவள் சுருட்டிய சிகரெட்டைத் தொடவில்லை. கொட்டகையில் பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் தோற்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்று கட்டிய லோசா, தோற்றதற்கு வெங்காயம் போட்டு ஒரு தட்டு சீஸ் ரோல் சுட்டுக்கொண்டு வந்தாள். நோலீனுக்கு வெங்காயத்தின் ருசி தெரிந்தது. சீஸ் சற்றுக் கருகியிருப்பது கூடத் தெரிந்தது. அதைச் சொன்னபோது லோசா, "இதுக்கு நீங்க சிகரெட்டே பிடிச்சிருக்கலாம்," என்றாள்.

ஜூலையில் மெர்வின் உடம்பு மோசமானது. சளி பிடித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது கழிப்பறைக்குப் போகவும் ஆள் துணை வேண்டியிருந்தது. நோலீன் வேலைக்குக் கிளம்புமுன் அவனைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, மாத்திரை கொடுத்து, ஃபோனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். மதிய இடைவேளையில் காரில் ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடினாள். சாப்பிட நேரமில்லை. வண்டி ஓட்டும்போதே பையிலிருந்து அந்த மெல்லிய சாமானை எடுத்து இரண்டு இழுப்பு இழுப்பாள். அதுதான் மதியச் சாப்பாடு. காயில் பழசாகி ருசி மங்கியிருந்தது. மாற்ற வேண்டும் என்று தினமும் நினைத்தாள். புதுக் காயில் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமே என்று நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

ஒருநாள் சிப்பி பிளக்கும் பெஞ்சின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். கத்தி சறுக்கிக் கையுறையைக் கிழித்துக் கட்டைவிரலடியில் இறங்கியது. லோசாதான் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினாள்.

"அக்கா, நீங்க எப்பத் தூங்கினீங்க?"

நோலீன் மறு கையால் கிழிந்த கையுறையை உரித்துப் போட்டாள்.

தையல் போட்ட கையைப் பார்த்துவிட்டு நர்ஸ் பிலிப்பா வாக்குவாதமே செய்யவில்லை. இன்வர்கார்கிலில் ஒரு முதியோர் இல்லத்தில் மெர்வுக்கு ஒரு வாரத்துக்கு இடம் கேட்டு வாங்கினாள். "அவருக்காக இல்ல, உங்களுக்காக," என்றாள். மெர்வ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினான். நோலீன் உள்ளே திரும்பி வந்து, இயந்திரம் இல்லாத முன்னறையில் நின்றாள். அந்த உறுமல் நின்றதும் வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. படுக்கையில் விழுந்தவள் மறுநாள் பகல் பதினொன்றுக்கு எழுந்தாள். எழுந்து ஒரு டோஸ்ட் தின்றுவிட்டு மறுபடி படுத்தாள்.

மூன்றாம் நாள் மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்து, காயிலை மாற்றி, திரவம் ஊற்றி, சொன்னபடி பத்து நிமிடம் காத்திருந்தாள். வீட்டுக்குள், கதவு சாத்தி, சூடாக. இழுத்தபோது பழத்தின் ருசி முழுசாக வந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தாள். அப்போது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வந்த உடனேயே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. சாமானை ஜன்னலோரம் வைத்துவிட்டு எழுந்துபோய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவரப் போனாள். மெர்வ் சவரம் செய்து, சுத்தமான ஸ்வெட்டர் போட்டு, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துணிப்பை இல்லை.

"துணி எங்க?" என்றாள் நோலீன்.

"அலமாரியில."

"எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேனே."

"நான்தான் வேணாம்னேன். உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"பிலிப்பா கிட்ட பேசிட்டேன்," என்றான் மெர்வ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான். "இடம் இருக்காம். இங்க சூடா இருக்கு. தூக்கறதுக்கு ரெண்டு பேர் வராங்க, ரெண்டு பேரும் எருது மாதிரி. உன் கையைப் பாரு."

"என் கைக்கு என்ன? ஆறிடுச்சு."

"நோல், நான் படகுல இருந்தவன். எது எப்ப மூழ்கும்னு தெரியும்."

"நீ என்னை விட்டுட்டு இங்கயே இருக்கப் போறியா?"

"உன்னைத் தூங்கச் சொல்றேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கல்யாணமான முப்பத்துநாலு வருடக் கோபமும் சேர்ந்து வந்தது. கடலுக்குப் போய் எப்போது வருவான் என்று தெரியாமல் காத்திருந்த எல்லாக் கோபமும். கேட்காமல் எப்படி முடிவு பண்ணினாய் என்று கேட்டாள், தாழ்ந்த குரலில், பக்கத்து நாற்காலிக் கிழவி காதில் விழாமல். தேநீர் கொண்டுவந்த பெண் இரண்டு கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். நோலீன் ஒரு வாய் குடித்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதுகு தளர்ந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. மெர்வ் அதைப் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவனை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினாள். உள்ளே போய் ஒரு பொட்டலம் புகையிலையும் தாளும் வாங்கினாள். காரைத் துறைமுகத்தோரம் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளேயே சுருட்டினாள். விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. பற்றவைத்து இழுத்தாள். கசக்கும், குமட்டும் என்று எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. முன்னே இருந்த மாதிரியே நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு முழுதும் பிடித்து முடித்தாள். அடுத்து இன்னொன்று சுருட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அதைத்தான் பிடித்தாள். லோசா பார்த்தாள். சீஸ் ரோலைத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

சனிக்கிழமை காலை மெர்வைப் பார்க்கக் கிளம்பும்போது கோட்டை எடுத்தாள். காலர் நாறியது. அவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். இல்லத்தில் அவன் இழுத்து விடுவது குழாய் வழியாக வரும் காற்றை. அறைக் கதவில் அதே மஞ்சள் ஸ்டிக்கர். இந்த வாசனையைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. மீதிப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டாள். பெரிய தீர்மானம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் தலைக்குக் குளிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான் என்று பின்னால் லோசாவிடம் சொன்னாள். அன்று மட்டும் குளித்துவிட்டுத்தான் போனாள்.

ஆகஸ்டோடு சிப்பிப் பருவம் முடிந்தது. நோலீன் வாரத்துக்கு மூன்று நாள் இல்லத்துக்குப் போனாள். சில நாள் பேசினார்கள். சில நாள் மெர்வ் தூங்கினான், அவளும் பக்கத்து நாற்காலியில் தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று அந்தத் தேநீர்ப் பெண் மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். பிப்ரவரியில், ஒரு மதியம், நோலீன் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தபோது அவன் உயிர் போய்விட்டது. ஐந்து நிமிடம் முன்னே வந்திருக்கலாம். அதை நினைத்து அவள் அழவில்லை. அவன் காத்திருந்து கஷ்டப்படவில்லையே என்று பிலிப்பாவிடம் சொன்னாள்.

டேரிலிடம் போய் நிகோடின் குறைந்த திரவம் கேட்டாள். மெர்வ் போனதை அவனும் கேள்விப்பட்டிருந்தான். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அதே முக்காலியை நகர்த்திப் போட்டான்.

"அடுத்த முறை இன்னும் கொறைக்கலாம்," என்றான். "ஒரே ஓட்டமா நிறுத்தாதீங்கக்கா. இப்ப வேணாம்."

"எனக்கு எதையும் ஒரே ஓட்டமாப் பண்ணத் தெம்பில்ல, தம்பி."

மார்ச் முதல் தேதி புதுப் பருவத்துக்குக் கொட்டகை திறந்தது. கிரேக்கிடம் வாரத்துக்கு நாலு நாள்தான் வருவேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டினார். படகுகள் காலையிலேயே வந்துவிட்டன, மூட்டைகள் பெஞ்சு உயரத்துக்கு ஏறின. லோசா இடப்பக்கம் வந்து நின்று கத்தியைத் தீட்டினாள்.

"எப்படி இருக்கீங்க, அக்கா?"

"கால் வலிக்குது," என்றாள் நோலீன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"தெரியும்."

அவள் ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் சிப்பியை எடுத்தாள்.